பக்கத்தில் நின்று ஆடியவன்

அந்த வீடியோ கேம் பெட்டி வீட்டுக்குள் வந்ததற்கு மழைதான் காரணம். ஆற்றில் தண்ணீர் திறந்துவிடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தாலே போதும், ஈக்காட்டுத்தாங்கலில் லியோனார்டின் ஷெட் இருக்கிற சந்தில் முழங்கால் நனைந்துவிடும். பெட்டியின் அடிப்பலகை ஏற்கெனவே ஊறி, டீயில் நனைத்த பிஸ்கெட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை நனைந்தால் விறகுதான். ஆகவே அவரும் தச்சர் ஷரீஃபும் அதைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, தார்ப்பாய் போர்த்தி, சாந்தோம் வீட்டு ஹாலில் குழந்தை இயேசு படத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"அண்ணி வந்து கேட்டா இன்னா சொல்லுவ?" என்றார் ஷரீஃப், நெற்றி வியர்வையை வழித்தபடி.

"விருந்தாளின்னு சொல்லுவேன் பாய்."

"சோறு கேக்காத விருந்தாளி. நல்லதுதான்."

லியோனார்ட் ஒரு காலத்தில் டி.வி. மெக்கானிக். பிக்சர் டியூப் வைத்த டி.வி.க்கள் வீட்டைவிட்டுப் போனபோது, அதே டியூப் வைத்த பழைய வீடியோ கேம் பெட்டிகள் அவரைத் தேடி வந்தன. மூடிப்போன தியேட்டர் வராந்தாக்கள், கிளப் கிடங்குகள், பொருட்காட்சிக்காரர்களின் குடோன்கள் என்று போய் நைந்த பெட்டிகளை வாங்குவார். கரப்பான் குடும்பங்களைக் காலி செய்து, டியூபில் தங்கியிருக்கும் கரண்டை ஸ்க்ரூ டிரைவரால் வடித்து, போர்டைக் கழுவி, ஷரீஃபிடம் புதுப் பலகை போடச் சொல்லி, அடையாறு பக்கத்து காபி கடைகளுக்கும் ஐ.டி. ஆட்களின் வீடுகளுக்கும் விற்பார்.

விற்கும்போது ஒரு கதையும் சேர்த்துக் கொடுப்பார். சின்ன வயதில் பாண்டி பஜாரில் ஒரு மாடிக் கடை. உள்ளே வரிசையாக இந்தப் பெட்டிகள். கையில் காசு கிடையாது. ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது மட்டும்தான். "காசு இல்லாதவன் காத்த மறைக்காதே" என்று கடைக்காரர் துரத்துவார். "ஒரு தடவகூட ஆடினதில்ல சார். அதனாலதான் இன்னிக்கு என் வீட்ல இதெல்லாம் இருக்கு" என்று முடிப்பார். வாங்குகிறவர்களுக்குக் கண் கலங்கும். பேரம் பேச மாட்டார்கள்.

மாலையில் மனைவி வெரோனிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கணக்கு டீச்சர். குடையை வாசலில் விரித்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் பெட்டியைப் பார்த்து நின்றாள். திட்டுவாள் என்று லியோனார்ட் எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். பெட்டியின் பக்கவாட்டில் யாரோ காம்பஸால் கீறிய மீன் படத்தைத் தொட்டாள். பிறகு இடது கையை ஜாய்ஸ்டிக் குச்சியின் மேல் வைத்தாள். வலது கை மூன்று பட்டன்களின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தது.

பட்டன் பலகை இரும்புத் தகடு. மேலே சிவப்புப் பெயின்ட். கைகள் வருஷக்கணக்கில் உரசி, உள்ளங்கை படும் இடங்களில் மட்டும் பெயின்ட் போய், தகடு வெள்ளி மாதிரி மின்னியது. வெரோனிகாவின் உள்ளங்கை அந்த வெள்ளைத் திட்டில் சரியாகப் பொருந்தியது. ஓரத்தில் பெருவிரல் வைக்கும் பிறை வடிவத் தேய்மானத்தில் அவள் பெருவிரல் போய்ப் படுத்தது.

"ஏங்க, இது பெசன்ட் நகர் மிஷின்" என்றாள் குரல் மாறி. "பீச்சுக்குப் போற வழியில ஒரு கடை இருந்துச்சு. பத்தாவது படிக்கிறப்ப. இதுலதான் நான் ஆடுவேன்."

லியோனார்டுக்குப் புரியவில்லை. "நீ எங்க ஆடின?"

"இதுலதாங்க. ப்ளேன் கேம். நான் செவப்பு ப்ளேன். அந்தப் பக்கம் ஊதா ப்ளேன் சேரன்."

"எந்த சேரன்?"

"நம்ம மீன்கார சேரன்தான். குப்பத்துலேர்ந்து வருவான். பாவம், சீக்கிரம் அவுட்டாயிடுவான்." அவள் சிரித்தாள். "கோயில்ல கொயர் ப்ராக்டீஸ்னு வீட்ல சொல்லிட்டு வருவேன். அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா தோல உரிச்சிருப்பாரு."

காலேஜிலிருந்து வந்து கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல்லுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த மகள் சான்ட்ரா, மாவுக் கையோடு ஓடிவந்தாள். "அம்மா! நீங்க கேம் ஆடுவீங்களா? அப்பா, உங்க வீட்லயே ஒரு சாம்பியன வெச்சிக்கிட்டு ஊரெல்லாம் கதை சொல்லிட்டிருக்கீங்க!"

லியோனார்ட் சிரித்துவைத்தார். சிரிப்பு பல்லோடு நின்றது.

வெரோனிகா தகட்டின் நடுப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பட்டன்களுக்கும் அடுத்த ஆளின் குச்சிக்கும் இடையில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கேயும் பெயின்ட் போயிருந்தது. அவள் அந்த இடத்தை ஒரு விரலால் தடவினாள். முகத்தில் வந்த ஒரு சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"இத விக்க வேணாங்க."

"அடையாறு மகேஷ் கேட்டிருக்கான். கிறிஸ்மஸுக்கு முன்னாடி கடையில வைக்கணுமாம்."

"அவனுக்கு வேற குடுங்க. உள்ள என்ன வேணா பண்ணிக்குங்க. இந்தத் தகட்ட மட்டும் தொடாதீங்க. பெயின்ட் கியின்ட் அடிச்சிடாதீங்க."

"ஏன்?"

"கிறிஸ்மஸ் அன்னிக்கு சொல்றேன்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவருடைய பெட்டிகள் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. லியோனார்ட் "சரி" என்றார்.

ஆனால் சரியாக இல்லை. மறுநாள் பெட்டியின் பின்கதவைத் திறந்து வேலை பார்த்தவருக்குக் கை உள்ளே இருந்தது, கண் தகட்டில் இருந்தது. தேய்மானத்தைப் படிப்பது அவருக்குத் தொழில். எந்த ஆட்டம் அதிகம் ஓடியது, ஆடியவர்கள் குள்ளமா உயரமா, குச்சியை விரலால் பிடித்தார்களா முஷ்டியால் பிடித்தார்களா என்று தகட்டைப் பார்த்தே சொல்வார். நடுவில் யாரும் கை வைப்பதில்லை. அங்கே பட்டனும் இல்லை, குச்சியும் இல்லை. அவர் பார்த்த எந்தப் பெட்டியிலும் அந்த இடத்தில் பெயின்ட் புதுசாகவே இருக்கும்.

டார்ச் அடித்துப் பார்த்தார். மற்ற இடங்களைப் போல வழுவழுப்பாக இல்லை. மெல்லிய கீறல்கள், வட்ட வட்டமாக. உலோகம் உரசிய கீறல். மோதிரமா? வாட்ச் செயினா? இவளுடைய வலது கையும் அவனுடைய இடது கையும் இந்த இடத்துக்கு வந்தால்தான் சந்திக்க முடியும்.

"பாய், இங்க வந்து பாருங்க."

அடிப்பலகைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த ஷரீஃப் எட்டிப் பார்த்தார். "இன்னாது?"

"இது எப்படித் தேஞ்சிருக்கும்?"

"யாருனா டீ கிளாஸ் வெச்சிருப்பான்."

"டீ கிளாஸ் வெச்சா வட்டமா கறை விழும். இது கீறல்."

ஷரீஃப் அவர் முகத்தைப் பார்த்தார். சான்ட்ரா காலையிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்திருந்தாள். "லியோ, நீ தகட்ட பாக்குறியா, வேற இன்னாத்தயாவது பாக்குறியா?"

"வேலையப் பாருங்க பாய்."

"நான் பாத்துகினுதான் கீறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரூர் குப்பத்துக்கு ஸ்கூட்டரில் போய் சேரனிடம் மீன் வாங்குவது லியோனார்டின் வழக்கம். சேரனின் மனைவி பலகை போட்டு விற்பாள், அவன் வெட்டித் தருவான். கிளம்பும்போது ஒரு சின்னப் பொட்டலம் தனியாகக் கொடுப்பான். மீன் சினை. "டீச்சருக்கு" என்பான். லியோனார்டுக்கு அது பெருமை. தன் மனைவிக்குக் குப்பத்தில்கூட மரியாதை இருக்கிறது என்று ஷரீஃபிடம் சொல்லியிருக்கிறார். வெரோனிகா அதை மிளகும் பூண்டும் போட்டு வதக்குவாள். அவர்தான் முக்கால்வாசியைத் தின்பார்.

இப்போது அந்தப் பொட்டலங்கள் ஒவ்வொன்றாகத் தொண்டைக்கு வந்தன.

அந்த ஞாயிறு கோழி வாங்கி வந்தார். அடுத்த ஞாயிறும் கோழி.

"அப்பா, கடல்ல மீன் தீந்துபோச்சா?" என்றாள் சான்ட்ரா.

"மழை. போட்டு கடலுக்குப் போகல."

"மாடியிலேர்ந்து பாத்தேனே, அத்தனை போட்டு நிக்குது கடல்ல."

"மழை மீன் ருசியா இருக்காது. பேசாம சாப்பிடு."

வெரோனிகா அவரை ஒரு தரம் பார்த்தாள். குழம்பை ஊற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம் என்று அவருக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

ஆத்திரம் சேரன் மேல் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. ராத்திரி புரண்டு படுக்கும்போது அவருக்குத் தோன்றியது வேறு. பாண்டி பஜாரில் தான் அடுத்தவன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த அதே வருஷங்களில், இவள் முன்னால் நின்று ஆடியிருக்கிறாள். தனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது. மீன்காரப் பையனுக்கும் கிடைத்திருக்கிறது. தன் கதையை அவர் சொன்னபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவள், கேட்டுக்கொண்டு, காபி கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

புதன்கிழமை வெரோனிகா பள்ளிக்கும் சான்ட்ரா காலேஜுக்கும் போன பிறகு லியோனார்ட் தகட்டைக் கழற்றினார். துருப் பிடிக்கிறது, கடற்காற்று, இப்படியே விட்டால் ஓட்டை விழும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். புது அடிப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த ஷரீஃப் நிமிர்ந்தார்.

"அத்த தொடாதேன்னு அண்ணி சொல்லிகீறாங்க இல்ல?"

"துரு பாய்."

"எங்க துரு? எனக்குத் தெரியலயே."

"உங்களுக்கு மரம் தெரியும். இரும்பு எனக்குத் தெரியும்."

ஷரீஃப் சுத்தியலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். லியோனார்ட் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பெயின்ட் ரிமூவர் தடவினார். சிவப்பு குமிழ் குமிழாகப் பொங்கிக் கிளம்பியது. கம்பி பிரஷ் போட்டார். அப்புறம் உப்புத்தாள். பிறை போயிற்று. உள்ளங்கைத் திட்டுகள் போயின. நடுவில் இருந்த வட்டக் கீறல்களை எடுக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவை ஆழமாக இருந்தன. அழுத்தித் தேய்த்தார். கை எரிந்தது. கடைசியில் சாம்பல் நிற ப்ரைமரை அடித்துக் காயவைத்து, பழையபடி மாட்டி, மேலே ஒரு பெட்ஷீட்டைப் போர்த்தினார்.

"தூசி படக்கூடாதுன்னு" என்றார் மாலையில்.

"நல்ல வேல பண்ணீங்க" என்றாள் வெரோனிகா, சந்தோஷமாக.

அந்தச் சந்தோஷம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. தகட்டிலிருந்து எடுத்தது நெஞ்சிலிருந்து போகவில்லை. கேட்டுவிட வேண்டும். அவளைக் கேட்க முடியாது. சேரனைக் கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. குப்பத்தில் வலைகளை வெயிலில் விரித்துப்போட்டிருந்தார்கள். சேரன் ஒரு வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தான். லியோனார்டைப் பார்த்ததும் கத்தியைத் தூக்கிச் சலாம் போட்டான்.

"வா சார்! இன்னா, ரெண்டு வாரமா ஆளையே காணோம்? கோழிக்கு மாறிட்டியா?"

"வேலை."

"மழ நேரத்துல இன்னா வேலை? இன்னிக்கு நல்ல வஞ்சிரம் வந்துகீது. போடட்டா?"

"போடு." லியோனார்ட் பையை நீட்டினார். "சேரா, பெசன்ட் நகர்ல ஒரு வீடியோ கேம் கடை இருந்துச்சாமே."

கத்தி நின்றது. சேரனின் முகம் மலர்ந்தது. "ஐயோ, அத்த யாரு சார் உனக்கு சொன்னது? டீச்சரா? எவ்ளோ வருஷம் ஆச்சு! அந்தக் காலத்துல டீச்சர் இன்னா ஆட்டம் ஆடுவாங்க தெரியுமா? ராட்சசி சார்! மன்னிச்சுக்க."

"நீ பக்கத்துல நின்னு ஆடுவியாம்."

"ஆடுவனா? நல்லா கேட்ட போ. டீக்கடையில ஒரு டீ ஆறுறதுக்குள்ள நான் செத்துடுவேன். அப்பால அவுங்க தனியா ஆடுறத பாத்துகினு நிக்கணும். ஜோடி இல்லாம அந்த ஆட்டத்த ஆரம்பிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும், அதுக்காக எனக்கும் டோக்கன் வாங்கித் தருவாங்க. என்னாண்ட ஏது காசு?"

சேரனின் மனைவி பலகைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: "இந்தக் கதைய எனக்கே நூறு வாட்டி சொல்லிகீது சார். நான்தான் கேட்டுகினு கீறேன்."

லியோனார்ட் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கேட்டே விட்டார். "உனக்கு அவள புடிக்குமா அப்ப?"

சேரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். "புடிக்காம? அங்க வந்த எல்லா பசங்களுக்கும் புடிக்கும். ஆனா அவுங்க கண்ணு பொட்டிய வுட்டு இப்டி அப்டி திரும்பினா இல்ல? ஒரு நாள் சட்டையெல்லாம் புதுசா போட்டுகினு போனேன். பாக்கவே இல்ல. 'சேரா, லெப்ட்ல வரான் பாரு'ன்றாங்க. எனக்கு அந்தப் பொட்டி மேலதான் சார் காண்டு. பொறாமன்னா அப்டி ஒரு பொறாம."

"நடுவுல..." லியோனார்ட் கையால் காட்டினார். "தகட்டுல நடுவுல தேஞ்சிருக்கு. ரெண்டு பேருக்கும் மத்தியில."

"அது அவுங்க தம்பி சார்! ஆஸ்வின்! இத்தினியூண்டு இருப்பான். வீட்ல தனியா வுட முடியாதுன்னு இட்டுகினு வருவாங்க. நடுவுல சோடா பொட்டிய கவுத்துப் போட்டு அதும்மேல நிக்க வெச்சிடுவோம். அடுத்த ஆட்டம் நம்மளுதுன்னு காட்ட டோக்கன தகட்டு மேல வெக்கணும் இல்ல? அதான் அவனுக்கு வேல. வெச்சிட்டு சும்மா இருக்க மாட்டான். கர்ரு கர்ருனு தேச்சிகினே இருப்பான். வட்டமா. கடைக்காரன் கத்துவான். இவுங்க ஆட்டத்த வுட்டுட்டு சண்டைக்குப் போவாங்க. 'என் தம்பி தேச்சா உனக்கு இன்னா'ம்பாங்க." சேரன் கத்தியால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினான். "தேஞ்சி கீதா இன்னும்?"

லியோனார்ட் அந்த வட்டத்தையே பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்குக் காசு வைத்து இடம் பிடிக்கும் பழக்கம் அவருக்குத் தெரியாதா? தெரியும். பாண்டி பஜாரில் பார்த்திருக்கிறார். கண்ணாடி விளிம்பில் அடுக்கி வைப்பார்கள். அவர் வைத்ததில்லை. வைக்காத கைக்கு அந்தக் கீறல் மோதிரமாகத்தான் தெரிந்தது. ஆஸ்வின் இப்போது கோயம்புத்தூரில் பெரிய வேலையில் இருக்கிறான். கிறிஸ்மஸுக்கு வருகிறான்.

கிளம்பும்போது சேரன் வழக்கம்போல் சின்னப் பொட்டலத்தை நீட்டினான். "டீச்சருக்கு. நீயே துன்னுடாதே சார்."

வீட்டுக்கு வந்தபோது, பெட்ஷீட் நாலாக மடித்து சோபாவின் மேல் வைக்கப்பட்டிருந்தது.

சான்ட்ரா வாசலிலேயே மறித்தாள். "அம்மா பாத்துட்டாங்கப்பா. மாமாவுக்கு அனுப்பலாம்னு போட்டோ எடுக்கப் போனாங்க." பிறகு குரலை இறக்கினாள். "திட்டவே இல்ல. பயமா இருக்கு."

வெரோனிகா சமையலறையில் இருந்தாள். அவர் மீன் பையை மேடையில் வைத்தார். அவள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சினையைத் தண்ணீரில் போட்டாள்.

"அப்ப குப்பத்துக்குப் போயிட்டு வந்திருக்கீங்க."

"ம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சொன்னானா?"

"ஆஸ்வின்னு சொன்னான்."

அவள் சினையை ஒவ்வொன்றாக அலசினாள். "எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"நீயும் சொல்லியிருக்கலாம். இத்தன வருஷம். நீ ஆடுவேன்னு ஒரு வார்த்த..."

"எப்படி சொல்றது?" அவள் திரும்பினாள். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே அந்தப் பாண்டி பஜார் கதைய சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? சொல்றப்ப உங்க முகம் சின்னப் பையன் முகமா ஆயிடுச்சு. அந்த முகத்துகிட்ட, நான் தினமும் ஆடினேன், மத்தவனுக்கும் வாங்கிக் குடுத்தேன்னு எப்படிங்க சொல்றது? அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே கதை. அதே முகம். விட்டுட்டேன்."

லியோனார்ட் கொத்தமல்லிக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்வின் வர்றப்ப அவன் கைவேலைய காட்டணும்னு இருந்தேன். போச்சு. நீங்க நல்லா தேய்ப்பீங்க, ஒரு கோடுகூட இல்ல." அவள் கையைத் துடைத்தாள். "போர்டு ஓடுதா?"

"ஓடுது."

"போடுங்க."

ஹாலில் ப்ளக்கைச் சொருகினார். டியூப் மெல்ல வெளுத்து, பிறகு கடலும் மேகமும் வந்தன. சிவப்பு ப்ளேன் கீழே காத்திருந்தது. வெரோனிகா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள். சாம்பல் தகட்டில் எந்த அடையாளமும் இல்லை. அவள் குனிந்து தேடவும் இல்லை. இடது கை குச்சியில் விழுந்தது, உள்ளங்கை தன் இடத்தில் விழுந்தது, பெருவிரல் பிறை இருந்த இடத்தில் போய்ப் படுத்தது. அப்பன் வீட்டுப் படியேறுகிற கால் மாதிரி.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் கட்டம், இரண்டாம் கட்டம். குண்டுகள் மழையாக வந்தன. அவள் அதிகம் அசையவில்லை. ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி. சான்ட்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். சமையலறையில் வஞ்சிரம் காத்திருந்தது. லியோனார்ட் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை. இவர் நிற்பது அவளுக்குத் தெரிகிறதா என்பதே தெரியவில்லை. சேரன் சொன்னது உண்மைதான். இந்தப் பெட்டியின் மேல்தான் பொறாமை வருகிறது.

"வெரோ."

"ம்."

"நானும் ஒரு ஆட்டம்..."

"லெப்ட்ல வரான், பேசாதீங்க." பட்டன் படபடத்தது. ஒரு பெரிய கப்பல் வெடித்துச் சிதறியது. கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஆடணும்னா காசு வைக்கணும். அதான் முறை."

லியோனார்ட் சட்டைப் பையில் துழாவினார். மீன் வாங்கிய மிச்சத்தில் ஒரு அஞ்சு ரூபாய் நாணயம் இருந்தது. செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்து, அவளுடைய பட்டன்களுக்கும் அடுத்த குச்சிக்கும் நடுவில் வைத்தார்.

"கூட்டமே இல்ல, இருந்தாலும் எனக்கு அப்புறம்தான் நீங்க" என்றாள் அவள்.

"சரி."

"சீக்கிரம் முடியாது."

"சரின்னேன்ல."

அவள் மூன்றாம் கட்டத்துக்குப் போனாள். நான்காவதற்குப் போனாள். சாகிற வழியாக இல்லை. அவர் காத்துக்கொண்டு நின்றார். கண் திரையில் இருந்தது. விரல் நாணயத்தின் மேல் இருந்தது. மழை ஈரத்தில் இன்னும் சரியாக இறுகாத ப்ரைமரில் அந்த விரல், தன்பாட்டுக்கு, வட்டமாகத் தேய்க்கத் தொடங்கியிருந்தது.